பெல் அடித்துப் பார்த்து சைக்கிள், ஹோர்ன் அடித்துப் பார்த்து கார்

மலையகத்தில் இருந்துகொண்டு சைக்கிளைப் பற்றி எழுதுவது காத்தான்குடியில் ஸ்வெட்டர் கடை திறப்பதைப் போன்றது. கிழக்கிலே நிலம் தட்டுப்போல மட்டம். பள்ளிக்கும் சந்தைக்கும் கடற்கரைக்கும் சைக்கிளில் போய் வரலாம். அங்கு பிறந்து வளர்ந்த ஒருவர் ஹட்டனில் கடை போட வந்தால் முதல் மாதத்திலேயே சைக்கிளை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். கடல் மட்டத்திலிருந்து ஹட்டன் சுமார் 1,270 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். இரண்டுக்கும் நடுவில் நிம்மதியாகப் பெடல் மிதிக்கக்கூடிய இடம் எது என்று கேட்டால், கிரகரி வாவியைச் சுற்றியுள்ள பாதையைத்தான் காட்ட வேண்டும். ஏப்ரல் சீசனில் அங்கே வாடகைச் சைக்கிள் ஓடுகிறவர்களும் பெரும்பாலும் கீழ்நாட்டிலிருந்து வந்தவர்களே.

ஆனாலும், கார் வாங்கப் போகும் ஒரு வியாபாரிக்குச் சைக்கிளைவிட நல்ல உஸ்தாத் கிடையாது என்பதே இந்தப் பத்தியின் கட்சி. காரணம் இலகுவானது. சைக்கிளைத் தெரிவு செய்வதில் பிழை விட்டால் அரை மணித்தியாலத்தில் முழங்கால் சொல்லிவிடும். காரைத் தெரிவு செய்வதில் பிழை விட்டால் சொல்வதற்கு ஆளில்லை. ஐந்து வருடங்களுக்கு லீசிங் கம்பனியின் கடிதம் மட்டும் மாதாமாதம் வரும். அதிலும் "பிழை" என்ற சொல் இராது, தவணைத் தொகை மட்டும் இருக்கும்.

நம்மவர்கள் வாகனம் தெரியாதவர்கள் அல்லர். மரக்கறி ஏற்ற லொறி வாங்கப் போகும் நுவரெலியா வியாபாரியைக் கவனியுங்கள். லீக்ஸும் கரட்டும் எத்தனை மூடை ஏறும், தம்புள்ளைக்குப் போய்வர எவ்வளவு டீசல் குடிக்கும், டயர் என்ன விலை, கியர்பொக்ஸ் உடைந்தால் சாமான் எங்கே கிடைக்கும், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நடுவழியில் நின்றால் எந்த பாஸ் வருவார் என்று நாற்பது கேள்வி கேட்பார். அதே மனிதர் தனக்கென்று கார் வாங்கப் போனால் கேள்வி இரண்டுதான். வெள்ளை நிறம் இருக்கிறதா? இதை வேறு யார் யார் எடுத்திருக்கிறார்கள்? லொறியை வியாபாரி வாங்குகிறார். காரை அவருடைய மச்சான்மார் வாங்குகிறார்கள்.

மகன் வளருவான்தானே

பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்த வாப்பாமாருக்கு இந்தக் கதை தெரியும். பத்து வயதுப் பையனுக்குச் சிறிய சில்லு வைத்த சைக்கிள் போதும். ஆனால் வாப்பா கணக்குப் போடுவார். "மகன் வளருவான்தானே, இரண்டு வருஷத்தில இன்னொண்டு வாங்க ஏலுமா?" கடைசியில் வீட்டுக்கு வருவது பெரிய ஆட்களின் சைக்கிள். சீற்றில் இருந்தால் பையனின் கால் பெடலுக்கு எட்டாது. ஆகவே பாருக்குக் கீழால் ஒரு காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கம் கோணலாக்கி, நண்டு போல ஓடுவான். அவன் வளர்ந்து சீற்றில் ஏறும் காலம் வரும்போது சைக்கிள் கிழண்டி இருக்கும்.

வியாபாரிகளும் வாகனத்தை இப்படித்தான் வாங்குகிறார்கள். "வியாபாரம் வளரும்தானே" என்று சொல்லி, மாதத்தில் இரண்டு தடவை புறக்கோட்டைக்குப் போய்வருகிறவர் ஏழு பேர் இருக்கும் ஜீப் எடுக்கிறார். வியாபாரம் சீற்றுக்கு எட்டும் வரை முதலாளி பாருக்குக் கீழால் காலை விட்டு ஓட வேண்டியிருக்கிறது. நான்கு டயரும் மாற்ற வேண்டிய மாதத்தில் இரண்டை மாற்றுகிறார். டீசலை இரண்டாயிரம் ரூபா, மூன்றாயிரம் ரூபா என்று துண்டு துண்டாக அடிக்கிறார். ஜீப்பில் சீனி மூடை ஏற்றினால் சீற் ஊத்தையாகும் என்று கடைச் சரக்குக்கு த்ரீவீலர் வாடகைக்குப் பிடிக்கிறார். வாகனம் வாசலில் நிற்க, சரக்கு வாடகைக்கு வருகிறது.

சாரம் உடுத்தவருக்கு உண்மையில் மிக வசதியானது பார் இல்லாத லேடீஸ் சைக்கிள். மானம் போகாமல் ஏறலாம், இறங்கலாம். ஆனால் எந்த ஹாஜியாரும் அதை வாங்கிய சரித்திரம் இல்லை. அதே மாதிரி, ஹட்டனிலோ தலவாக்கலையிலோ கடை வைத்திருப்பவருக்குப் பொருத்தமானது பின் சீற்றை மடக்கிச் சாமான் ஏற்றக்கூடிய சிறிய வேன். "ஸ்கூல் வேன் மாதிரி இருக்கும்" என்று வீட்டில் ஒரு வார்த்தை விழுந்தால் அத்துடன் அது முடிந்தது. இந்தியாவில் 2005 இல் வந்த டாடா ஏஸ் இங்கே "டிமோ பட்டா" என்று பேரெடுத்து எத்தனையோ சிறு கடைகளுக்குச் சோறு போட்டது. அதில் கல்யாண வீட்டுக்குப் போக ஏலாது என்பது உண்மைதான். ஆனால் வருடத்தில் எத்தனை கல்யாணம்? பத்து என்று வைத்தாலும் மிச்சம் 355 நாட்கள் இருக்கின்றன. கல்யாணத்துக்கு ஹயரில் போய் வரலாம்.

அழகான வாகனம் கூடாது என்று சொல்ல வரவில்லை. ஏறிச் செல்லும் பிராணிகள் அலங்காரத்துக்கும் உரியவை என்பதை சூரா அந்நஹ்ல் ஓதியவர்கள் அறிவார்கள். நல்ல வாகனம் மனிதனின் பாக்கியங்களில் ஒன்று என்றும் ஹதீஸில் வந்திருக்கிறது. சைக்கிளிலும் அலங்காரம் இருந்தது. ஹேண்டிலில் குஞ்சம், சில்லுக்கு நடுவில் வண்ண வளையம், மட்கார்ட்டில் பூப்போட்ட ரப்பர். ஆனால் எல்லோரும் முதலில் கரியரைப் பூட்டிவிட்டுத்தான் குஞ்சத்துக்குப் போனார்கள். காரில் அந்த ஒழுங்கு தலைகீழாகிவிட்டது. அலோய் வீல் முதலில் வருகிறது, பிரேக் திருத்துவது அடுத்த மாதம்.

லேடி டொக்டர் பாவிச்சது

பழைய சைக்கிள் பார்க்க வருகிறவர் முதலில் பெல் அடித்துப் பார்ப்பார். கெட்டுப்போன சைக்கிளில் கடைசி வரை வேலை செய்யும் உறுப்பு அதுதான் என்பது அவருக்குத் தோன்றாது. அடுத்து டயரைப் பெருவிரலால் அமத்துவார். கார் பார்க்க வருகிறவரும் ஹோர்ன் அடிப்பார், ரேடியோ போடுவார், டயருக்குக் காலால் ஒரு தட்டுத் தட்டுவார். எதற்குத் தட்டுகிறோம் என்று யாருக்கும் தெரியாது. டயரும் இதுவரை பதில் சொன்னதில்லை.

விற்கிறவரின் பாஷையும் மாறவில்லை. "ஹாஜியார், வாகனம் சோக்கா இருக்கு. லேடி டொக்டர் ஒருத்தர் பாவிச்சது, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் ஓடினது." இந்த நாட்டில் விற்பனைக்கு வரும் கார்களையெல்லாம் லேடி டொக்டர்மார்தான் ஓடினார்கள் என்றால் நோயாளிகளை யார் பார்த்தார்கள்? சைக்கிள் காலத்தில் இதே வசனத்தில் ஸ்கூல் மாஸ்டர் இருந்தார்.

தெரிந்தவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார். சில்லைச் சுற்றிவிட்டு, ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவிலுள்ள இடைவெளியையே பார்த்துக் கொண்டிருப்பார். ரிம் ஆடினால் சைக்கிள் எங்கோ விழுந்திருக்கிறது. காரைத் தலைகீழாக நிறுத்த முடியாதுதான். ஆனால் கராஜ் குழியில் ஏற்றி அடியைப் பார்க்க முடியும். வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்களுக்கு, 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது மூழ்கியவை உட்பட, மேலே பெயின்ற் புதிதாக இருக்கும், சீற்றுக்கு அடியிலுள்ள ஆணிகளில் துரு இருக்கும். கார்ப்பெற்றைத் தூக்கி மணந்து பாருங்கள். மூக்குக்கு யாரும் பொலிஷ் போட முடியாது.

மலையகத்தில் இருப்பவர்களுக்கு அல்லாஹ் கொடுத்த இலவசப் பரிசோதனை ஒன்று உண்டு. சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வாகனம் பார்க்கப் போங்கள். "நாங்க வரும் வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேணாம்" என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். நுவரெலியாக் குளிரில் இரவு முழுக்க நின்ற டீசல் எஞ்சின் முதல் தடவையில் எப்படிப் பற்றுகிறது, என்ன நிறப் புகை விடுகிறது என்பதிலேயே பாதிக் கதை தெரியும். போகும்போது பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ அதை எழுப்பி, முகம் கழுவி, உட்கார வைத்திருக்கிறார்கள்.

உதிரிப்பாகம் அடுத்த விடயம். ரலியும் ஹம்பரும் நல்ல சைக்கிள்கள்தான். ஆயினும் செயின் அறுந்த அன்று கிடைப்பது லுமாலாவின் சாமான். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் இந்த நாடு மொரிஸ் மைனர்களை உருகி உருகிப் பாதுகாத்தது. அந்தக் கைவேலையின் பயனாக 1990களில் மொரிஸ் மைனருக்குரிய பாகங்களை இங்கே செய்து பிரித்தானியாவுக்கே அனுப்பினார்கள். மொரிஸ் மைனர் வேகமான காரல்ல, சொகுசான காருமல்ல. ஆனால் எந்த பாஸும் அதைத் திறந்து பார்த்துத் தலையைச் சொறிந்ததில்லை. கார் வாங்குமுன் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள சாமான் கடையில் ஒரு கேள்வி கேளுங்கள். இந்த மொடலுக்கு பிரேக் பேட் இருக்கிறதா? "கொழும்பிலேருந்து எடுத்துத் தரலாம்" என்பது பதிலானால், அந்தக் காரோடு சேர்த்துக் கொழும்பு பஸ்ஸையும் வாங்குகிறீர்கள் என்று கணக்கெழுதுங்கள்.

ஏற்றத்தின் விலை

சைக்கிள் கடைக்காரர் அந்தக் காலத்தில் காட்டிய பெரிய அதிசயம் டைனமோ. டயரில் உராய்ந்து தானாகவே வெளிச்சம் தரும், பெற்றரி வேண்டாம், செலவே இல்லை என்பார். மட்டத்தில் ஓடியவர் நம்பினார். ஏற்றத்தில் மிதித்தவருக்குக் கால் கனத்தது. வெளிச்சத்தின் விலையைக் கால்தான் கொடுத்துக் கொண்டிருந்தது. ஹைபிரிட் காரும் ஒரு வகையில் டைனமோவின் பேரப்பிள்ளைதான். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பிடித்துச் சேமிக்கிறது. நின்று நின்று ஓடும் கொழும்பு வீதிக்கு அது உண்மையிலேயே கெட்டித்தனமான வேலை. ஆனால் கினிகத்தேனையிலிருந்து மேலே ஏறும் நீண்ட ஏற்றத்தில் பெற்றரி வற்றிவிட்டால், 660 சீசீயை எட்டாத சிறிய எஞ்சின் தனியாக வீட்டாரையும் சாமானையும் பெற்றரியையும் சேர்த்துச் சுமக்கிறது. அப்போதுதான் முன் சீற்றிலிருந்து "ஏசியை ஓஃப் பண்ணுங்க" என்ற சத்தம் வரும்.

ஏற்றத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அதை யாரும் தள்ளுபடி செய்ய முடியாது. கணக்காகவே பார்க்கலாம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்தால், கடல் மட்டத்திலிருந்து நுவரெலியா உயரத்துக்கு ஏறுவதற்கு மட்டும் உடம்பு ஏறக்குறைய 1,900 கலோரியை எரிக்கும். கிட்டத்தட்ட ஒரு ஆளின் ஒரு நாள் சாப்பாடு. ஆளும் சாமானும் உட்பட 1,200 கிலோ எடையுள்ள பெற்றோல் காருக்கு அதே உயரத்தின் விலை இரண்டரை முதல் மூன்று லீற்றர் வரை. 1,700 கிலோ எடையுள்ள மின்சாரக் காருக்கு எட்டரை யூனிட்டுக்குக் குறையாது. இவை தூரத்துக்கான செலவுக்கு மேலதிகமானவை. இறங்கும்போது மின்சாரக் கார் ஒரு பங்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். பெற்றோல் கார் எதையும் திருப்பித் தராது. ஆகவே "லீற்றருக்கு 25 ஓடும்" என்று விற்கிறவர் சொன்னால், எந்த ஊரில் என்று கேளுங்கள். அது பெரும்பாலும் புத்தளத்தில் இருக்கும்.

இறக்கம் இன்னும் பெரிய ஆசிரியர். நீண்ட இறக்கத்தில் சைக்கிளின் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்தவருக்கு ரிம் எவ்வளவு சுடும் என்பது தெரியும். காரின் பிரேக்கும் அப்படியே சூடேறும், கண்ணுக்குத் தெரியாது என்பதே வித்தியாசம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழைய எண்ணெய் சூட்டில் கொதித்தால் பெடல் ஒன்றுமில்லாத இடத்துக்குப் போகும். இரண்டு வருடத்துக்கொரு முறை அதை மாற்றுங்கள் என்றால் பலர் சிரிக்கிறார்கள். மலையகத்தின் பழைய லொறிச் சாரதிகள் பாடமாக வைத்திருந்தது ஒன்று உண்டு, ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். ஓட்டோமற்றிக் கார் வாங்குகிறவர், தாழ்ந்த கியரில் பிடித்து இறக்கும் வசதி அந்த லீவரில் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். 2023 ஜனவரி 20 இல் நானுஓயா ரதெல்ல இறக்கத்தில் பஸ்ஸும் வேனும் த்ரீவீலரும் சிக்கிய விபத்தில் ஏழு உயிர்கள் போயின. 2025 மே மாதத்தில் கொத்மலை கரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். இந்த வீதிகளில்தான் நமது பிள்ளைகள் தினமும் போய் வருகிறார்கள். பிரேக் விடயத்தில் மட்டும் பகிடி இல்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸை ஹட்டன் வாசிகள் அழகாக விளங்கி வைத்திருக்கிறார்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, பின் டயருக்கு ஒரு கருங்கல்லையும் வைத்துவிட்டுத்தான் ஜும்ஆவுக்குப் போகிறார்கள். அந்தக் கல்லை மட்டும் எந்தக் கம்பனியும் வாகனத்துடன் தருவதில்லை.

யார் யாரைச் சுமப்பது

பொட்டணியைத் தோளில் சுமந்து லயங்களுக்கு ஏறி இறங்கிய நமது மூத்த வியாபாரிகளில் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கு ஒரு உண்மை தெரிந்திருந்தது. ஏறும்போது நாம் சைக்கிளைத் தள்ள வேண்டும், இறங்கும்போது அது நம்மைச் சுமக்கும். லீசிங்கில் எடுத்த காரும் இதே சங்கதிதான். முதல் ஐந்து வருடம் நாம் அதைத் தள்ளுகிறோம். இறக்கம் வரும் நேரத்தில் மச்சான் புது மொடல் எடுத்து விடுகிறார். பழையதைக் கொடுத்துவிட்டு அடுத்த மலையின் அடிவாரத்தில் போய் நிற்கிறோம்.

"கார் நட்டப்படாது, வித்தா கூடத்தான் வரும்" என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் பழைய கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் தங்களைப் பெரிய முதலீட்டாளர்கள் என்று நினைத்தார்கள். தட்டுப்பாடு தந்த இலாபத்தைத் தமது சாமர்த்தியமாக எழுதிக் கொண்டார்கள். அதே காலத்தில் 2022 இல் எரிபொருள் கியூஆர் முறை வந்தபோது ஆரம்பத்தில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். கொழும்பில் சைக்கிளுக்கு விலை ஏறியது. இங்கே சைக்கிளும் உதவாது. இலட்சக்கணக்கான ரூபா வாசலில் நிற்க, முதலாளிமார் கடைக்கு நடந்து போனார்கள்.

காரின் உண்மையான விலை விற்பனைக் காகிதத்தில் இராது. உதாரணத்துக்கு, முற்பணமாகக் கடையிலிருந்து 30 இலட்சம் எடுக்கிறீர்கள். உங்கள் கடையில் சரக்கு வருடத்துக்கு எட்டுத் தடவை சுழன்று, ஒவ்வொரு சுற்றிலும் செலவு போக நூற்றுக்கு ஐந்து மிஞ்சுகிறது என்று வைப்போம். அந்த 30 இலட்சம் கடையிலேயே இருந்திருந்தால் வருடத்துக்கு 12 இலட்சம் கொண்டு வந்திருக்கும். மாதத்துக்கு ஒரு இலட்சம். டீசலுக்கும் காப்புறுதிக்கும் தவணைக்கும் முன்பே கார் குடிக்கும் முதல் செலவு இதுதான். உங்கள் கடையின் சுழற்சியையும் இலாபத்தையும் இந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். வந்த தொகையை மச்சானுக்குக் காட்ட வேண்டாம்.

இன்னொரு கணக்கையும் சிலர் இரகசியமாகப் போடுகிறார்கள். சொந்தப் பாவனைக்கான காருக்கு ஸகாத் இல்லை, கடைச் சரக்குக்கு உண்டு. ஆகவே சல்லியைக் காரில் போட்டால்... நூற்றுக்கு இரண்டரையைத் தப்பிக்க நூற்றுக்கு நூறையும் வெயிலில் நிறுத்தும் இந்தக் கணக்குக்கு எந்த மத்ஹபிலும் பெயர் இல்லை.

தவணைக்கு எடுப்பவர்கள் இஜாராவா, வட்டி லீசிங்கா என்று பார்க்கிறார்கள், அது நல்லது. 2005 இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு இந்த வழி விரிவடைந்தது. அமானா வங்கி 2011 இல் முழுமையான இஸ்லாமிய வங்கியாகத் தொடங்கியது, வேறு வங்கிகளும் தனிப் பிரிவுகள் வைத்திருக்கின்றன. ஆனால் பெயரைப் பார்த்துக் கையெழுத்து வைப்பது பெல் அடித்துப் பார்த்துச் சைக்கிள் வாங்குவதுதான். இஜாராவில் வாகனம் உங்கள் பெயருக்கு மாறும் வரை சொந்தக்காரர் நிறுவனம், நீங்கள் வாடகைக்காரர். ஆகவே வாகனம் உங்கள் குற்றமின்றி முற்றாக அழிந்தால் வாடகை ஓடுமா, தகாஃபுல் யார் கட்டுவது, தாமதக் கட்டணம் யாருடைய பைக்குப் போகிறது என்று மூன்று கேள்விகளை வாயால் கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். லொறிக்கு நாற்பது கேள்வி கேட்டவருக்கு இது பெரிய வேலையல்ல.

கடைசியில் ஓடிப் பார்க்கும் நாள். சைக்கிள் வாங்குகிறவர் கடை வாசலில் ஒரு வட்டம் அடித்துவிட்டுச் சல்லி கொடுப்பார். கார் வாங்குகிறவர் கொழும்பில் மட்டமான வீதியில் பத்து நிமிடம் ஓடிவிட்டுக் கொடுப்பார். நீங்கள் வாகனத்தை உங்கள் வீட்டு ஏற்றத்துக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். வீட்டில் உள்ளவர்களை ஏற்றுங்கள், டிக்கியில் இரண்டு மூடை சீனியையும் வையுங்கள். பாதி ஏற்றத்தில் நிறுத்தி, பின்னுக்கு வழுக்காமல் மறுபடி எடுக்கிறதா என்று பாருங்கள். சீனி மூடையைப் பார்த்துமே விற்கிறவரின் முகம் மாறினால், அவருக்கு ஒரு பிளேன்ரீ கொடுத்துப் பஸ் ஸ்டாண்ட் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள். அவருடைய காரிலேயே.